பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூப்பர்மேனையும் ஸ்பைடர் மேனையும் அறியாதவர் குறைவு. அவர்களை முதன்முதலில் காகிதத்தில் வரைந்தவர் யார் என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். இந்த இதழ்களைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்பவற்றில் முக்கால்வாசி விலையைப் பற்றியவை. அவற்றுக்கும் கீழே பதில் உண்டு. ஆனால் ஓவியரின் கையைப் பின்தொடர்ந்து சேர்ப்பதில்தான் இந்தப் பழக்கத்தின் உண்மையான ருசி இருக்கிறது என்று நம்புகிறேன். பதில்களிலும் அந்தச் சாய்வு தெரியும்.

பழைய காமிக்ஸ் என்று எந்தக் காலத்து இதழ்களைச் சொல்கிறீர்கள்?

அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் மூன்று யுகங்களாகப் பிரிப்பார்கள். 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமானதிலிருந்து 1950களின் நடுப்பகுதி வரை பொற்காலம். 1956இல் ஷோகேஸ் 4ஆம் இதழில் கார்மைன் இன்ஃபான்டினோ வரைந்த புதிய ஃப்ளாஷ் என்ற நாயகன் வந்ததிலிருந்து 1970 வரை வெள்ளிக்காலம். அங்கிருந்து 1980களின் நடுப்பகுதி வரை வெண்கலக்காலம். எல்லைகள் எந்த இதழில் விழுகின்றன என்று சண்டை போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சேகரிக்க அந்தச் சண்டை தேவையில்லை.

அட்டையில் ஜூன் என்று இருந்தால் ஜூனில் வந்ததா?

இல்லை. கடைக்காரர் இதழைப் பழையதென்று விற்பனையிலிருந்து சீக்கிரம் எடுத்துவிடாமல் இருக்க, அட்டையில் இரண்டு மூன்று மாதம் முன்தள்ளி அச்சிடுவார்கள். ஜூன் என்று போட்ட அந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் ஏப்ரலிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. 1941 மார்ச் என்று போட்ட கேப்டன் அமெரிக்கா முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைக்கு வந்தது. ஜோ சைமனும் ஜேக் கிர்பியும் அந்த அட்டையில் ஹிட்லரின் தாடையில் குத்து விழுவதைப் படமாக்கினார்கள். அமெரிக்கா போருக்குள் நுழைய அப்போது இன்னும் ஓராண்டு இருந்தது. இந்தக் கணக்கு தெரிந்தால்தான் அந்த அட்டைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பது புரியும்.

லட்சக்கணக்கில் அச்சடித்த இதழ்கள் எங்கே போயின?

ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் சுமார் 2 லட்சம் பிரதிகள் அச்சானது. இன்று மிஞ்சியவை நூறு வாக்கில் இருக்கும் என்று கணிக்கிறார்கள். இதற்குக் காரணம் ஒன்றல்ல.

முதலாவது, காகிதம். மலிவான மரக்கூழில் செய்த செய்தித்தாள் தாள் அது. மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் அதில் அப்படியே தங்கியிருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் அமிலமாகித் தாள் பழுக்கும், பிறகு நொறுங்கும். 10 சென்ட் விலையில் விற்ற பொருள் ஒரு மாதம் தாங்கினால் போதும் என்றுதான் அச்சிட்டவர்களும் நினைத்தார்கள். இரண்டாவது, போர். இரண்டாம் உலகப்போரின்போது பழைய காகிதம் திரட்டும் இயக்கத்தில் பிள்ளைகளே தங்கள் காமிக்ஸைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மூன்றாவது, பயம். 1954இல் ஃபிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ்தான் சிறுவர்களைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதினார். அதே ஆண்டு அமெரிக்க செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் தாங்களாகவே ஒரு தணிக்கைக் குழுவை அமைத்துக்கொண்டார்கள். பல ஊர்களில் காமிக்ஸ் இதழ்களைக் குவித்து எரித்தார்கள்.

இவற்றையெல்லாம் தாண்டி வந்த பிரதிகளில் புகழ்பெற்றவை எட்கர் சர்ச் என்பவருடையவை. கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த விளம்பர ஓவியர் அவர். வீட்டில் அடுக்கடுக்காகச் சேர்த்து வைத்திருந்த 18,000க்கும் மேற்பட்ட இதழ்கள் 1977இல் டென்வர் வியாபாரி ஒருவரின் கைக்கு வந்தன. உலர்ந்த மலைக்காற்றும், காற்றுப் புகாதபடி நெருக்கி அடுக்கியதும் அவற்றைக் காப்பாற்றின. பல இதழ்களில் தாள் இன்றும் வெள்ளையாகவே இருக்கிறது.

1990களில் வாங்கிய காமிக்ஸ் என்னிடம் இருக்கிறது. நல்ல விலை கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. 1991இல் ஜிம் லீ வரைந்த எக்ஸ்-மென் முதல் இதழ் ஐந்து வெவ்வேறு அட்டைகளோடு 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. வாங்கிய எல்லோரும் பிற்காலத்தில் விலை ஏறும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? ஓவியம் பிடித்திருந்தால் உறையைப் பிரித்துப் படியுங்கள். லீயின் கோடுகள் அதற்குத் தகுதியானவை.

பழைய இதழ்களில் ஓவியர் பெயரே இல்லையே. யார் வரைந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

பொற்காலத்தில் பெயர் போடுவது விதிவிலக்கு. பேட்மேன் கதைகளில் பல்லாண்டுகள் பாப் கேன் என்ற ஒரே பெயர்தான் இருந்தது. உள்ளே வரைந்தவர்கள் ஜெர்ரி ராபின்சன், டிக் ஸ்ப்ராங், ஷெல்டன் மோல்டாஃப் போன்றவர்கள். 1939 மே மாத டிடெக்டிவ் காமிக்ஸ் 27ஆம் இதழில் வந்த முதல் பேட்மேன் கதையை எழுதிய பில் ஃபிங்கருக்கு, உருவாக்கியவர் என்ற அங்கீகாரம் அதிகாரபூர்வமாகக் கிடைத்தது 2015இல்தான். அவர் இறந்ததோ 1974இல்.

பெயர் இல்லாத இடத்தில் கோடுதான் கையெழுத்து. முதலில் காதுகளையும் கைவிரல்களையும் பாருங்கள். முகத்தை ஆசிரியர் திருத்தச் சொல்லியிருப்பார், உடையை நிறுவனத்தின் மாதிரிப்படி வரைந்திருப்பார்கள். காதிலும் விரலிலும் யாரும் தலையிடமாட்டார்கள். பிறகு கட்டடங்கள், துணியின் மடிப்பு, நிழல் விழும் விதம். ஸ்ப்ராங்கின் கதைகளில் மனிதர்களைக் குள்ளமாக்கும் மாபெரும் தட்டச்சு இயந்திரங்களும் பொம்மைகளும் வரும். முகங்கள் வெட்டி எடுத்தாற்போல் தெளிவாக இருக்கும். நாலைந்து கதைகளைப் பார்த்தபின் அடுத்ததை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள். ரசிகர்கள் இப்படித்தான் ஒப்பிட்டு ஒப்பிட்டு ஓவியர்களின் பட்டியலைத் திரும்பக் கட்டினார்கள். 1994இல் தொடங்கிய கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் அந்த உழைப்பின் பெரிய களஞ்சியம். ஒரு இதழை வாங்கும் முன் அதில் தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

பென்சில் ஓவியர், மை ஓவியர் என்று இரண்டு பேர் எதற்கு?

மாதாமாதம் இதழ் வந்தாக வேண்டும். அதனால் வேலையைப் பகிர்ந்தார்கள். ஒருவர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் தூரிகையாலோ பேனாவாலோ மை ஏற்றுவார், மூன்றாமவர் எழுத்துகளை எழுதுவார், நான்காமவர் வண்ணக் குறிப்பு போடுவார். மை ஏற்றுவது என்றால் கோட்டின்மேல் கோடு போடுவது என்று நினைக்காதீர்கள். கோடு எங்கே தடிக்க வேண்டும், எங்கே கருமை தேங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தக் கைதான். கிர்பியின் ஃபென்டாஸ்டிக் ஃபோர் பக்கங்களுக்கு ஜோ சின்னாட் மை ஏற்றத் தொடங்கியபின் உலோகம் உலோகமாகவே பளபளத்தது.

ஸ்பைடர் மேன் முதலில் வந்த 1962 ஆகஸ்ட் அமேசிங் ஃபேன்டஸி 15ஆம் இதழின் அட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கதையை வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. அவர் முதலில் வரைந்த அட்டையை ஆசிரியர் ஏற்கவில்லை. புதிய அட்டையைக் கிர்பி பென்சிலில் வரைந்தார், டிட்கோ மை ஏற்றினார். உலகமே அறிந்த அந்த ஒற்றைப் படத்தில் இருப்பது இரண்டு பேரின் கை.

எந்த ஓவியரிலிருந்து தொடங்கலாம்?

உங்கள் கண்ணை இழுப்பவரிடமிருந்து. எனக்குத் தெரிந்த சில வாசல்களைச் சொல்கிறேன்.

கிர்பியைத் தவிர்க்க முடியாது. 1917இல் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில் பிறந்து, தெருச்சண்டை பார்த்து வளர்ந்தவர். அவர் வரைந்த குத்துகளில் உடம்பின் மொத்த எடையும் இறங்கும். ஃபென்டாஸ்டிக் ஃபோரை மட்டும் தொடர்ந்து 102 இதழ்கள் வரைந்தார். அவற்றின் ஆரம்ப இதழ்கள் எட்டாத விலைக்குப் போய்விட்டன. 1970இல் மார்வெல் நிறுவனத்திலிருந்து டிசி நிறுவனத்துக்கு மாறியபின் அவர் வரைந்த, சூப்பர்மேனின் நண்பனைப் பற்றிய ஜிம்மி ஓல்சன், நியூ காட்ஸ் இதழ்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. ஜிம்மி ஓல்சனில் ஒரு விசித்திரம் உண்டு. கிர்பி வரைந்த சூப்பர்மேன் முகம் நிறுவனத்துக்குப் பிடிக்காமல், வேறு ஓவியர்களைக் கொண்டு முகத்தை மட்டும் மாற்றி வரையவைத்தார்கள். கிர்பியின் உடம்பின்மேல் அந்நியத் தலை உட்கார்ந்திருப்பது பழகிய கண்ணுக்குச் சட்டென்று தெரியும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது.

டிட்கோ வேறு உலகம். ஒல்லியான உடம்புகள், பதற்றமான விரல்கள், தலைகீழாகத் தொங்கும் வெளிகள். ஸ்பைடர் மேனை 38 இதழ்கள் வரைந்துவிட்டு 1966இல் விலகினார். 39ஆம் இதழிலிருந்து ஜான் ரொமிட்டா வந்தார். வாசகர்களுக்கு மாற்றம் உறுத்தாமல் இருக்க முதலில் டிட்கோவைப் போலவே வரைய முயன்றார். இரண்டு இதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரொமிட்டா எவ்வளவு அடக்கிக்கொண்டாலும், முகமூடிக்குள் ஸ்பைடர் மேனாக இருக்கும் பீட்டர் பார்க்கர் அழகனாகிக்கொண்டே போவான்.

நீல் ஆடம்ஸின் 1970களின் பேட்மேன் அட்டைகள், ஜீன் கோலனின் புகைபோன்ற நிழல்கள், அக்வாமேனைப் பல்லாண்டுகள் வரைந்த ரமோனா ஃப்ராடன் என்று வழி நீளும். ஃப்ராடன் அன்று இந்தத் துறையில் இருந்த மிகச் சில பெண்களில் ஒருவர். ஃபேன்டம் லேடியை வரைந்த மேட் பேக்கரையும் மறக்காதீர்கள். அந்தக் காலத்தில் காமிக்ஸில் பெயர் பதித்த மிகச் சில கறுப்பின ஓவியர்களில் அவர் ஒருவர். 1959இல் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

இத்தனை கோடி புழங்கும் துறையில் ஓவியர்களுக்கு என்ன கிடைத்தது?

பக்கக்கூலி. சூப்பர்மேனை உருவாக்கிய எழுத்தாளர் ஜெர்ரி சீகலும் ஓவியர் ஜோ ஷுஸ்டரும் அதன் உரிமையை எழுதிக் கொடுத்தது 130 டாலருக்கு. 13 பக்கக் கதை, பக்கத்துக்குப் பத்து டாலர். 1938 மார்ச்சில் அவர்களுக்குக் கொடுத்த காசோலையில் அந்த 130 டாலரும் அடங்கும். அந்தக் காசோலைத் தாள் 2012இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது. 2024இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு விற்றது.

ஷுஸ்டருக்குக் கண்பார்வை மங்கியது, இருவரும் வறுமையில் வாடினார்கள். 1975இல் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் முன்னின்று போராடிய பிறகுதான் இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலரும், சூப்பர்மேனை உருவாக்கியவர்கள் என்று பெயர் போடும் உரிமையும் கிடைத்தன. கிர்பி தான் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்பப் பெறவே 1980களில் போராட வேண்டியிருந்தது. மார்வெலுக்கு அவர் வரைந்தவை பத்தாயிரம் பக்கங்களுக்கு மேல், திரும்பி வந்தவை சுமார் 2,000. பாத்திரங்களின் உரிமை தொடர்பாக மார்வெலுடன் அவருடைய குடும்பத்துக்கு இருந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது 2014இல், அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. ஓர் இதழைக் கையில் எடுக்கும்போது வரைந்தவரின் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

கிரேடு எண் என்றால் என்ன? குட் என்று போட்டிருந்தால் நல்ல பிரதிதானே?

அல்ல, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இதழின் நிலையை 0.5 முதல் 10 வரை மதிப்பிடுவார்கள். அந்த அளவுகோலில் குட் என்பது வெறும் 2.0. மடிப்பு, கிழிசல், கறை எல்லாம் உள்ள, ஆனால் முழுமையான பிரதி. நல்ல பிரதி என்று நாம் மனதில் நினைப்பது 8.0க்கு மேல் வரும்.

2000இல் தொடங்கிய சிஜிசி போன்ற நிறுவனங்கள் இதழைப் பரிசோதித்து, எண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருகின்றன. சிஜிசியில் நீலச் சீட்டு என்றால் கைவைக்கப்படாத பிரதி. ஊதா என்றால் வண்ணம் தீட்டியோ ஒட்டுப் போட்டோ புதுப்பித்தது. விலை கணிசமாக இறங்கும். மஞ்சள் என்றால் நிறுவனத்தின் ஆள் முன்னிலையில் ஓவியரோ எழுத்தாளரோ கையெழுத்திட்டது.

பெரிய தொகை புழங்கும்போது கூடு அவசியம். படிக்க வேண்டும் என்றால் கூட்டில் இல்லாத 2.0 முதல் 4.0 வரையிலான பிரதிகளை வாங்குங்கள். என் அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் அவைதான்.

வாங்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பக்கங்களை எண்ணுங்கள். 1960களின் இதழ் என்றால் அட்டை நீங்கலாக உள்ளே 32 பக்கங்கள், அதாவது எட்டுத் தாள்களை மடித்து இரண்டு பின்கள் அடித்தது. நடுத்தாள் பின்னிலிருந்து கழன்று தொலைவது சாதாரணம். தொடங்கிய புதிதில் ஒரு விற்பனையாளரிடம் எண்ணாமல் வாங்கி வந்தேன். வீட்டில் படிக்கும்போது சண்டை நடுவில் தாவி நாயகன் மருத்துவமனையில் கிடந்தான். நான்கு பக்கங்கள் போயிருந்தன. அன்றிலிருந்து எண்ணாமல் காசு கொடுப்பதில்லை.

வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். 1974, 75 வாக்கில் மார்வெல் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கங்களில் வெட்டி ஒட்டிச் சேர்க்கும் முத்திரைப் படங்களை அச்சிட்டார்கள். பிள்ளைகள் சொன்னபடி வெட்டினார்கள். வுல்வரின் முழுமையாக அறிமுகமாகும் 1974 நவம்பர் ஹல்க் 181ஆம் இதழிலும் அந்த முத்திரை உண்டு. அது வெட்டப்பட்ட பிரதியின் மதிப்பு பாதாளத்துக்குப் போகும். அட்டை பளிச்சென்று இருப்பதைப் பார்த்து மயங்காமல், கடிதப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

ஓரம் சீவப்பட்டதா என்றும் பாருங்கள். நைந்த ஓரத்தைக் கத்தரித்து நேராக்குபவர்கள் உண்டு. அதே தொடரின் இன்னொரு இதழை மேலே வைத்து அளந்தால் தெரிந்துவிடும்.

ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் மலிவாக வருகிறது என்றால் முதலில் அளவுகோலை எடுங்கள். 1974இல் டிசி அதைப் பெரிய அளவில் மறுபதிப்பாக வெளியிட்டது. அதன் வெளி அட்டையைக் கிழித்துவிட்டால் உள்ளே அசலைப் போன்றே இன்னொரு அட்டை இருக்கும். அசலின் உயரம் சுமார் பத்தரை அங்குலம். மறுபதிப்பு அதைவிட மூன்று அங்குலம் வாக்கில் கூடுதல்.

கிழிந்த அட்டையை டேப் போட்டு ஒட்டலாமா?

வேண்டவே வேண்டாம். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும்.

எப்படிப் பாதுகாப்பது?

வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றும் எதிரிகள். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறை பல்லாண்டுகள் தாங்கும். மலிவான பாலிபுரோப்பிலீன் உறை என்றால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பின்னால் வைக்கும் அட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும். சாதாரண அட்டை வைத்தால் அதன் அமிலமே இதழைப் பழுக்க வைக்கும். பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள், சாயாத அளவுக்கு மட்டும் நெருக்கமாக. தரையிலும் பரணிலும் வேண்டாம். சட்டமிட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்பட்டால் அட்டையின் நகலை மாட்டுங்கள். பழைய சிவப்பு மை வெளிச்சத்தில் மங்குவதை நேரில் பார்த்தவன் சொல்கிறேன்.

எல்லாம் மறுபதிப்பாகவும் திரையிலும் கிடைக்கிறதே, அசல் எதற்கு?

கதைக்கு மட்டும் என்றால் மறுபதிப்பு போதும். ஆனால் இந்த ஓவியர்கள் வரைந்தது வழவழப்பான வெள்ளைத் தாளுக்காக இல்லை. மை கொஞ்சம் ஊறிப் பரவும், புள்ளி புள்ளியாக வண்ணம் விழும், மங்கிய தாளுக்காக வரைந்தார்கள். மறுபதிப்பில் வண்ணத்தைப் புதிதாக நிரப்பும்போது கண்ணை அறைகிறது. விளம்பரங்களும் கடிதப் பக்கங்களும் காணாமல் போய்விடுகின்றன. 1968இல் ஜிம் ஸ்டெரான்கோ, ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 167ஆம் இதழில் அடுத்தடுத்து நான்கு பக்கங்களுக்கு ஒரே காட்சியை விரித்தார். முழுதாகப் பார்க்க இரண்டு பிரதிகளை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். திரையில் அந்த அகலம் கிடைக்காது. இரண்டு பிரதிகளைத் தரையில் விரித்து நடுவில் உட்கார்ந்து பார்த்த நாளை நான் மறக்கவில்லை.

ஓவியர் கையால் வரைந்த மூலப் பக்கங்களை வாங்க முடியுமா?

முடியும், விற்பனைக்கு வருகின்றன. ஸ்பைடர் மேனின் கறுப்பு உடை எப்படி வந்தது என்று காட்டும் மைக் செக்கின் சீக்ரெட் வார்ஸ் பக்கம் ஒன்று 2022 ஜனவரியில் 33.6 லட்சம் டாலருக்குப் போனது. அதிகம் பேசப்படாத தொடர்களின் பக்கங்கள் அதில் மிகச் சிறு பகுதிக்கே கிடைக்கும். 1967 வாக்கில் ஓவியப் பலகையின் அளவைக் குறைத்துவிட்டார்கள். அதற்கு முந்தையவை பெரியவை, வெள்ளை வண்ணத்தால் அடித்துத் திருத்திய இடமும் ஓரத்தில் பென்சிலில் எழுதிய குறிப்பும் கண்முன் நிற்கும்.

பல பக்கங்களை நிறுவனங்களே குப்பையில் போட்டன, பல திருட்டுப் போயின. எனவே விற்பவரிடம் பக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். அமேசிங் ஃபேன்டஸி 15ஆம் இதழின் உள்பக்கங்கள், டிட்கோ வரைந்த 24 மூல ஓவியங்களும், தப்பிப் பிழைத்தன. 2008இல் ஒருவர் அவற்றைப் பெயர் சொல்லாமல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். எந்த ஏலத்திலும் கோடிகளைக் கொட்டிக் கொடுத்திருப்பார்கள். அவர் ஒரு டாலர்கூட வாங்கவில்லை.